கனிக்கு நடை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டைச் சுற்றித் திரியும் எங்கள் வீடியோ கேமில் கனி இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், குதிக்கிறாள், பனை ஏறுகிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவளுடைய அசைவுகளோ நீங்கள் கொடுத்தவை.

குதிரைமொழித் தேரிப் பக்கம் பனையேறும் அண்ணாச்சிக்கு முதல் நன்றி. நான் செய்து வைத்திருந்த அனிமேஷனில் கனி ஏணியில் ஏறுவதுபோல் வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றி வைத்தாள். பார்த்ததும், இரண்டு பாதங்களையும் பிணைக்கும் நார் வளையத்தைக் காட்டி, "தம்பி, தளைநார் போட்டா ரெண்டு காலும் ஒண்ணாத்தான வரும்" என்றீர்கள். சொன்னதோடு விடாமல் மூன்று தடவை ஏறியும் காட்டினீர்கள். கைகளால் மரத்தை அணைத்து, இரண்டு பாதங்களையும் சேர்த்து மேலே இழுத்து, மரத்தைக் கவ்விய பிறகே முழங்கால் நிமிர்ந்தது. நிமிர்வதற்கு முன் உடம்பு ஒரு கணம் அசையாமல் நின்றது. அந்த ஒரு கணத்தை நான்கு ஃபிரேமாகச் சேர்த்த பிறகுதான் கனிக்கு எடை வந்தது. பதநீர் இறக்கும் நாளில் ஒரு காலைப் பொழுதையே எங்களுக்குத் தந்தீர்கள் அண்ணாச்சி.

நடை அம்மாவுடையது. கெட்டித் தரையில் சரியாக இருந்த நடை, மணலுக்கு வந்ததும் கெட்டுப்போனது. ஊன்றிய பாதம் ஊன்றிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. உடம்பு நகரும் வேகமும் காலடியின் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் இப்படித்தான் ஆகும். அம்மா செம்மணலில் வெறுங்காலோடு நடக்க, நான் மண்டி போட்டுப் பாதத்தை மட்டும் படம் எடுத்தேன். குதிகால் புதைகிறது, அடி குறுகுகிறது, காலை உருவி எடுக்க முழங்கால் கொஞ்சம் கூடுதலாக உயர்கிறது. அதை அப்படியே மணலுக்கென்று தனி நடையாகச் செய்தோம்.

மேட்டின் சரிவில் பாதம் படிய இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ் தேவைப்பட்டது. பாதம் ஊன்றும் இடத்தை முதலில் வைத்துக்கொண்டு, முழங்காலும் இடுப்பும் எவ்வளவு மடங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை அது. கனியின் முழங்கால் பின்பக்கமாக மடங்கிய மூன்று இரவுகளும் போனிலேயே கூட இருந்த நண்பா, நன்றி.

விளையாடிப் பார்த்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி. "நான் அமுக்குனேன், அவதான் குதிக்கல" என்று ஒரு சின்னப் பெண் அழாக்குறையாகச் சொன்னாள். கனியின் கால் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிய பிறகே அவள் பட்டனை அமுக்கியிருந்தாள். புரோகிராம் கணக்கில் தவறில்லை, ஆனாலும் அவள் சொன்னதுதான் நியாயம். விளிம்பைத் தாண்டி 0.1 நொடி வரை குதிக்கலாம் என்று மாற்றினோம். மறுநாள் ஒரே தாவலில் தாண்டிவிட்டாள்!

முகம் தெரியாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 2002-இல் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்து 3D உருவங்களையும் அசைவுகளையும் செய்ய உதவும் பிளெண்டரைத் திறந்த மூல மென்பொருளாக்கிய பயனர்களும், 2014-இல் வீடியோ கேம் உருவாக்க உதவும் கோடோ எஞ்சினை எல்லோருக்கும் திறந்துவிட்டவர்களும் இல்லையென்றால், கையில் காசில்லாத நாங்கள் இதைத் தொடங்கியே இருக்க முடியாது.

அண்ணாச்சி, அடுத்த வாரம் லேப்டாப்போடு ஊருக்கு வருகிறேன். மரத்தை விட்டு இறங்கும்போது கனி காலைச் சரியாக வைக்கிறாளா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி