11 வயதுப் பையன் மொழிபெயர்த்த நோய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க் குடியேறிகளின் உடல்நலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் நம்மவர்களுக்கும் சர்க்கரை நோய் அதிகமாக இருப்பதற்கு வாயைக் கட்டத் தெரியாததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். குவீன்ஸில் 19 வருடமாகக் குடியிருக்கும் எனக்கு அந்த வரி மிகவும் வலித்தது.

என் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஈக்வடாரிலிருந்து வந்தவர். பகலில் வீடுகளைத் துடைப்பார், இரவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவார். நேரத்துக்குச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காலில் ஆறாத புண்ணோடு அவர் ஒரு கிளினிக்குக்குப் போனபோது துணைக்குப் போனேன். அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் அவருடைய 11 வயது மகன்தான் ஸ்பானிஷில் சொன்னான். எனக்கு அந்த மொழி ஓரளவு புரியும். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது என்பதை மட்டும் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட வேண்டுமாம் என்றதோடு நிறுத்திக்கொண்டான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா செத்துப்போய்விடுவாரா என்று கேட்டான்.

2004இல் நகரச் சுகாதாரத் துறை ரத்தம் எடுத்து நடத்திய ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரியவர்களில் 8 பேரில் ஒருவருக்குச் சர்க்கரை. அந்த நோயாளிகளில் 10க்கு 3 பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இதற்கும் வாய்தான் காரணமா? என் கணவர் ஒல்லியானவர் என்பதால் டாக்டர் பல வருடம் பரிசோதிக்கவே இல்லை. ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 23 ஆனாலே சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கலாம் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொன்னதே 2015இல்தான்.

என் மாமியார் கிரீன் கார்டில் வந்தார். முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும். மாநில உதவி கிடைக்கும் என்று தெரியவந்த நேரம் 2019. அரசு உதவி வாங்கினால் குடியுரிமைக்குச் சிக்கல் என்று ஊரெல்லாம் பயம். ஊரிலிருந்து யாராவது கொண்டுவரும் பிரஷர் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிட்டார். அப்புறம் பக்கவாதம் வந்தது.

2020 வசந்தத்தில், கோவிட் பரவியபோது, எங்கள் குவீன்ஸின் எல்ம்ஹர்ஸ்டிலும் கரோனாவிலும் (பேட்டையின் பெயரே அதுதான்) இரவு முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். வீட்டிலிருந்து வேலை பார்க்க வழியில்லாத சமையல்காரர்களும் டெலிவரிக்காரர்களும் ஒரே அறையில் நாலு பேராக இருந்த இடம் அது. நீங்கள் வெறிச்சோடிய டைம்ஸ் சதுக்கத்தின் படத்தைப் போட்டீர்கள். எங்கள் பேட்டை பற்றி அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. உங்கள் அமெரிக்கப் பக்கங்களில் ஐ.டி. குடும்பங்களின் கொலுவும் பட்டமளிப்பும்தான் வருகின்றன. கடை நடத்துகிறவர்களும் டாக்சி ஓட்டுகிறவர்களும் உங்கள் வாசகர்கள்தான், ஐயா.

மறுப்புக் கட்டுரை போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போதும். நியூயார்க் நகர அரசு மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் எடுக்க முடியாதவர்கள் நகர அரசின் உதவி எண்ணான 311ஐ அழைத்து 'என்.ஒய்.சி. கேர்' என்ற நகர மருத்துவ உதவித் திட்டத்தைக் கேட்கலாம், விசா இல்லாதவர்களும் சேரலாம். இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். என் மாமியார் வயதுக்காரர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகி,
குவீன்ஸ், நியூயார்க்