மே மாதம் வேண்டாம், பொங்கல் முடிந்து வா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நீ குடும்பத்தோடு வருகிறாய் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனாலும் உன் பெயரைச் சொன்னவுடன் புரிந்துகொண்டு, "களி இன்னும் சாப்பிடுவானா?" என்று கேட்டாள். பெரியவளுக்கு வேலூரிலேயே வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். சின்னவன் பத்தாவது. நான் அப்படியேதான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மலை இறங்கும்போது தெரிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மே மாதம் ஏலகிரியில் கோடை விழா நடக்கும், அப்போது வந்தால் பையனுக்கு எல்லாம் காட்டலாம், மீனும் பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மச்சான். மே மாதத்தில் நம் பக்கத்து அருவிகளில் பாறைதான் இருக்கும். ஏரிகள் வற்றி நடுவில் குட்டையாக நிற்கும். ஏலகிரி ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி வரிசையாக நின்றுகொண்டிருக்கும், புங்கனூர் ஏரியில் படகு ஏறுவதற்கே பாதி நாள் போய்விடும். அந்த வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள், பையனை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வரச் சொல்லலாம், ஆனால் அதற்கு வண்டி நகர வேண்டுமே. அப்புறம் காடு காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் நடந்ததை நீயும் படித்திருப்பாய், மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் போய்விட்டார்கள். அதிலிருந்து கோடையில் யாராவது காட்டுக்குள் நடக்கலாம் என்றாலே எனக்கு மனசு ஒப்புவதில்லை.

மழைக்காலத்திலும் வராதே. ஐப்பசி, கார்த்திகையில் அருவி நன்றாக இருக்கும்தான், ஆனால் வானியல் கூடம் இருக்கும் காவலூரில் வானம் முழுக்க மேகம். அதனால்தான் பொங்கல் முடிந்து வா என்கிறேன். ஓடையில் தண்ணீர் இன்னும் இருக்கும், வானம் தெளிந்திருக்கும், ஏரியும் நிறைந்திருக்கும். குளிர் மட்டும் அதிகம், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வா. ஏலகிரியே சுமார் 1,100 மீட்டர் உயரம், தை மாத விடியற்காலையில் கை விறைத்துப் போகும்.

ஏலகிரிக்கு ஒரு நாள் போதும். சாமிமலை உச்சிக்கு விடியும் முன்பே ஏறிவிடுங்கள், மேலே நின்று பார்த்தால் கீழே ஜோலார்பேட்டையில் ரயில் போவது கோடு மாதிரி தெரியும். நீ ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் அங்கேதான் இறங்கப் போகிறாய், பையனுக்கு அதைச் சொல்லிக் காட்டு. ஜலகாம்பாறை அருவிக்கு நிலாவூரிலிருந்து நடந்தே இறங்கலாம், ஆனால் அது காட்டுவழி, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். என் கால் இருக்கும் நிலைக்கு நாம் திருப்பத்தூர் வழியாக வண்டியிலேயே போய்விடுவோம்.

மீதி நாள் எல்லாம் ஜவ்வாது மலைக்கு வை. நாம் கல்லூரியில் படிக்கும்போது வட ஆற்காடு மாவட்டம் என்று ஒரே பெயரில் இருந்த மலைதான், 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் வேலூரும் மூன்றானது, இப்போது இந்த மலையைச் சுற்றி வந்தால் மூன்று மாவட்டத்துப் பலகையையும் பார்த்துவிடலாம். நான் சொல்லும் வழி இது: ஆலங்காயத்திலிருந்து காவலூர், அங்கிருந்து ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, பிறகு அமிர்தி வழியாக வேலூருக்கு இறங்கிவிடுவது. சாமைச் சோறு சாப்பிடலாம். தேன் வாங்குவதென்றால் மலைவாசிகளிடமே நேராக வாங்கு, விலை பேசாதே, பாறையில் ஏறி எடுத்து வருகிறார்கள்.

காவலூரை மட்டும் விட்டுவிடாதே. வானியல் கூடம் என்றால் ஏதோ கட்டடம் பார்ப்பது என்று உன் வீட்டில் நினைப்பார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதற்கு முன்னும் பின்னும் நட்சத்திர ஒளி விட்டுவிட்டுக் குறைந்தது, அதை வைத்துத்தான் அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அன்று அதைப் பதிவு செய்த இடங்களில் நம் காவலூரும் ஒன்று, 1 மீட்டர் தொலைநோக்கியில். நமக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை, இருபது கிலோமீட்டரில் இருந்துகொண்டு நாற்பது வயதில்தான் நான் தெரிந்துகொண்டேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986இல் வந்தது, அதற்கு வானியலாளர் வைணு பாப்பு பெயர். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுகிறார்கள், வருவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்வோம். உள்ளே பார்த்தது போதாது, ராத்திரி அந்த மலை ரோட்டில் ஓர் இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சநேரம் நிற்போம். உன் பையன் அவ்வளவு நட்சத்திரத்தை இதுவரை பார்த்திருக்க மாட்டான்.

இனி மீன். மலைக்குப் போய் அருவிக்கரையில் தூண்டில் போடலாம் என்று நீ நினைக்கிறாய் போலிருக்கிறது. அந்த ஓடைகளில் அயிரையும் சின்னக் கெண்டையும்தான், அவை அங்கேயே இருக்கட்டும். சில பேர் கரண்டு வைத்தும் தோட்டா போட்டும் பிடிக்கிறார்கள், ஒரு மடுவில் அப்படிச் செய்துவிட்டால் குஞ்சு முதல் எல்லாம் செத்து மிதக்கும், அதன்பிறகு நாலைந்து வருஷம் அந்த மடுவில் ஒன்றும் இருக்காது. நான் கண்ணால் பார்த்தேன், அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பாட்டில் உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் வேறு. போன வருஷம் முழங்கால் தண்ணீரில் நடந்தபோது உள்ளங்காலில் கண்ணாடி ஏறி ஆறு தையல் போட்டார்கள், அதனால் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் ஓடையில் இறக்காதே.

பாலாற்றுக்கும் வேண்டாம். நாம் கால்சட்டையோடு ஆரல் பிடித்த ஆறுதான், 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது, நான் அழுதேவிட்டேன். ஆனால் தோல் தொழிற்சாலைக் கழிவு அந்த மண்ணில் எத்தனை வருஷமாக இறங்கியிருக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம். அந்த மீனை உன் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

நம் ஊர் ஏரிக்கு வா. இந்த வருஷம் நிரம்பிக் கோடி வழியாக வழிந்தது! மதகுப் பக்கம் புளியமரம் இன்னும் நிற்கிறது. மீன் குத்தகை எடுத்தவரிடம் முதலில் கேட்க வேண்டும், கேட்காமல் தூண்டில் போட்டால் அது திருட்டு, அவர் காசு கொடுத்துக் குஞ்சு விட்டிருக்கிறார். நல்ல மனிதர், குழந்தைகள் ஒரு கழியோடு உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மூங்கில் கழி நான் வெட்டி வைக்கிறேன். தூண்டில் முள்ளும் தங்கூஸ் நரம்பும் தக்கையும் இங்கே கடையிலேயே கிடைக்கும், ஆன்லைனில் அந்த விலைக்கு எதையும் வாங்கிக்கொண்டு வராதே. குளிர்காலத்தில் விடியற்காலையில் மீன் எடுக்காது, வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணிக்குத்தான் தக்கை அசையும். மண்புழு போட்டால் ஜிலேபி சீக்கிரம் வரும், பையனுக்கு முதலில் அதுதான் சரி. கெளுத்தி மாட்டினால் அவனைத் தொட விடாதே, முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

விரால் வேண்டும் என்று நீ கேட்பாய் என்று தெரியும். விரால் மூச்சுக்கு மேலே வரும் அல்லவா, அல்லிக்கொடி ஓரமாக அந்தக் குமிழி வரும் இடத்தை நான் பார்த்து வைக்கிறேன். ஆனால் தண்ணீரில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கமே முள் போடக் கூடாது. கீழே பெரிய மீன் காவல் இருக்கும், அதைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளை ஒரே நாளில் மற்ற மீன்கள் முடித்துவிடும். நாம் பன்னிரண்டு வயதில் இது தெரியாமல் ஒன்றைத் தூக்கினோமே, உன் அப்பா அன்று அடிக்கவில்லை, ஏரிக்கரைக்குத் திரும்ப அழைத்துப் போய் அந்தக் குஞ்சுகள் சிதறுவதைக் காட்டினார். உன் பையனுக்கும் இப்போது அதே வயது.

பிடித்தது எதுவானாலும் அன்று மத்தியானமே குழம்பு, கேழ்வரகுக் களியோடு. அம்மா சொல்லிவிட்டாள்.

எந்த சனிக்கிழமையில் இங்கே இருப்பாய் என்று மட்டும் உடனே எழுது, காவலூருக்கும் குத்தகைக்காரருக்கும் நான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

உன்
பழைய கூட்டாளி