ஏழாம் தலைமுறைக் கணினியில், அதற்குத் தகுதியில்லை என்பதைச் சொல்லாமல் விண்டோஸ் 11 ஏற்றியது குறித்த புகார்

அனுப்புநர்:
டி.டி.பி. கடை உரிமையாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 600005.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கணினி விற்பனை மற்றும் பழுதுநீக்கும் நிறுவனம்,
சென்னை.

நாள்: 05.12.2025

ஐயா,

திருவல்லிக்கேணியில் பதினெட்டு ஆண்டுகளாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், குடமுழுக்கு மலர், நினைவஞ்சலிச் சுவரொட்டி என எந்த வேலை வந்தாலும் எனக்கு இருப்பது ஒரே கணினிதான். 2017-இல் வாங்கியது, இன்டெல் ஐ5, ஏழாம் தலைமுறைச் செயலி (பிராசஸர்). நவம்பர் 3 அன்று உங்கள் ஆள் வந்து அதில் கைவைக்கும்வரை ஒரு நாள்கூட அது என்னைக் கைவிட்டதில்லை.

அக்டோபர் கடைசியில் உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெண், விண்டோஸ் 10-இன் காலம் அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இனி கணினி எந்த நேரமும் நின்றுபோகலாம் என்றார். பயந்துபோய், விண்டோஸ் 11 ஏற்ற உடனே சம்மதித்தேன். அன்று முடிந்தது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டுமே; கணினி நின்றுபோகாது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் புதுப்பிப்புகளையும் 2026 அக்டோபர் 13 வரை பெற வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புநகல் எடுக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது. இதில் ஒரு வார்த்தையாவது அவர் சொன்னாரா?

வேலை நடந்த ஒன்றரை மணி நேரமும் நான் வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். ரூ.3,500-க்கு ரசீது கொடுத்தார்கள். அதில் ரூ.1,900 'விண்டோஸ் 11 லைசென்ஸ்' என்று எழுதியிருக்கிறது. முறையான உரிமத்துடன் ஓடிய விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றும்போது தனியாக உரிமம் வாங்கத் தேவையில்லை. அந்த ரூ.1,900 எதற்கு என்று எழுத்தில் சொல்லுங்கள்.

நான்காம் நாளே அச்சுப்பொறி மக்கர் செய்யத் தொடங்கியது. இருபது தாள் அச்சாகும், பிறகு நின்றுவிடும். அந்த மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவரை, அதாவது அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளை, அதன் தயாரிப்பாளர் வெளியிடவில்லை. ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றே, நவம்பர் 7 அன்று, உங்களை அழைத்தேன். புதிதாக ஏற்றியதால் சில நாள் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுபடி இரண்டு முறை அழைத்த பிறகு, நவம்பர் 18 அன்றுதான் ஆள் வந்தார். பழைய பதிப்புக்கே மாற்றிக் கொடுங்கள் என்றேன். பழையதற்குத் திரும்புவதற்கான பத்து நாள் கெடு முடிந்துவிட்டது, இனி முடியாது என்றார். அப்படி ஒரு கெடு இருப்பதையே அன்றுதான் கேள்விப்படுகிறேன். உங்களுக்குத் தெரியாதா? நான் முதலில் அழைத்தபோது ஆறு நாள் மீதம் இருந்ததே!

நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் கடைக்கு வந்தான். அமைப்புகள் பக்கத்தைத் திறந்து காட்டினான். இந்தக் கணினி விண்டோஸ் 11-க்கான குறைந்தபட்சத் தேவைகளை நிறைவு செய்யவில்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்பார்கள். ஏழாவதில் விதிவிலக்காகச் சில செயலிகள் உண்டு, என்னுடையது அவற்றில் இல்லை. தகுதிச் சோதனையைத் தாண்டுவதற்கான குறுக்குவழியில் உங்கள் ஆள் ஏற்றியிருக்கிறார். இப்படிப்பட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்கிறது மைக்ரோசாஃப்ட். பாதுகாப்பு போய்விடும் என்று பயமுறுத்தித்தானே இந்த வேலையைச் செய்தீர்கள்?

என்னை மிகவும் புண்படுத்தியது இன்னொன்று. தகுதியில்லாத கணினியில் ஏற்றும்போது திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இதனால் வரும் பாதிப்பு உங்களைச் சேர்ந்தது, ஏற்கிறீர்களா என்று அது கேட்கும். அதை என் இடத்திலிருந்து அழுத்தியது யார்? நான் படிக்க வேண்டியதை உங்கள் ஆள் படித்து, நான் சொல்ல வேண்டிய சம்மதத்தை அவரே சொல்லியிருக்கிறார். வந்த பையன்மீது எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கணினி முடிக்க வேண்டும் என்று அனுப்பப்பட்டவர். அவரை அப்படி அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் தை மாதத் திருமணத்துக்கு 300 அழைப்பிதழ் கொடுத்திருந்த மயிலாப்பூர்க்காரருக்குத் தவணை சொல்ல மனம் வரவில்லை. இராயப்பேட்டையில் வேறோர் அச்சகத்தில் கொடுத்து, கையிலிருந்து ரூ.2,200 கூடுதலாகச் செலவழித்து முடித்தேன்.

விண்டோஸ் 10-க்குத் திரும்ப வேண்டுமென்றால் இனி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும். என் கோப்புகளில் பாதி, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் இருப்பவை. அந்த எழுத்துரு ஒன்று விடுபட்டாலும் பத்து வருட அழைப்பிதழ்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே முதலில் முழுக் காப்புநகல் எடுத்து, நான் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் 10-ஐ ஏற்றி, 2026 அக்டோபர் வரை புதுப்பிப்பு தரும் அந்த நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் என் கண்முன் பதிந்து, அச்சுப்பொறியில் நூறு தாள் ஓட்டிக் காட்ட வேண்டும். ரூ.3,500-ஐயும் வெளியே செலவழித்த ரூ.2,200-ஐயும் திருப்பித் தர வேண்டும். பழைய கணினி வைத்திருக்கும் மற்ற வாடிக்கையாளர்களிடம், அவர்கள் கணினி தகுதியுள்ளதா என்பதை வேலைக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாட்டு மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், அமைப்புகள் பக்கத்தின் படம், நவம்பர் மாத அழைப்புப் பட்டியல், இராயப்பேட்டை அச்சக ரசீது.