ஒரே கிரிப்டோ முகவரியை எல்லோருக்கும் கொடுக்கலாமா?

ஆசிரியருக்கு,

கிரிப்டோ மோசடிகள் பற்றிப் பத்திரிகைகள் அடிக்கடி எச்சரிக்கின்றன. நல்லது. ஆனால் எந்த மோசடியிலும் மாட்டாமல், செய்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து யுஎஸ்டிடி (டொலர் மதிப்போடு இணைக்கப்பட்ட கிரிப்டோ நாணயம்) வாங்கும் இளையோரும் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய வரவு செலவு கண்டவர் பார்வைக்கெல்லாம் திறந்து கிடப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

யுஎஸ்டிடி பெறுவதற்கு ட்ரொன் என்ற கிரிப்டோ வலையமைப்பில் ஒரு முகவரியை உருவாக்கி, எல்லா இன்வொய்ஸிலும் அதையே ஒட்டி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்த முகவரியை ட்ரொன்ஸ்கேன் தளத்தில் போட்டுத் தேடினால் இருப்பு எவ்வளவு, என்றைக்கு எவ்வளவு வந்தது, எங்கே போனது எல்லாம் தெரியும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம். இன்னொருவர் இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார் என்று கண்டுகொண்ட வாடிக்கையாளர் கூட்டித் தருவாரா?

ஆளுக்கொரு முகவரி கொடுங்கள். வொலட்டில் (கிரிப்டோவைக் கையாளும் செயலியில்) புதிய கணக்குச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வொலட்டின் ஒரே 12 மீட்புச் சொற்களிலிருந்து பிறந்தாலும் அவற்றுக்கிடையே உள்ள உறவு வெளியே தெரியாது. பலர் வழுக்குவது அடுத்த படியில். யுஎஸ்டிடியை நகர்த்தக் கட்டணமாக ட்ரொனின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் வேண்டும். அதைப் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பினால் இரண்டும் ஒருவருடையவை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. டிஆர்எக்ஸை எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்திலிருந்து) ஒவ்வொரு முகவரிக்கும் நேரே எடுங்கள். வெளியே பார்ப்பவருக்கு எக்ஸ்சேஞ்சின் பொது முகவரி மட்டுமே தெரியும். கடைசியில் எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் உள்ள உங்கள் ஒரே வைப்பு முகவரிக்கு அனுப்பும்போது தொடர்பு மறுபடி வெளிப்படும். இதை முற்றாகத் தவிர்ப்பது கடினம். ஆனாலும் தோண்டித் துருவுபவருக்குத்தான் அது அகப்படும், இன்வொய்ஸைத் திறந்தவருக்கெல்லாம் அல்ல.

பிட்கொயினில் சிக்கல் வேறு விதம். 0.05 பிட்கொயின் ஒரே தொகையாக வந்திருக்கிறது, அதிலிருந்து 0.002 கொடுக்கிறீர்கள் என்றால், மீதி ஏறக்குறைய 0.048 உங்களுடைய இன்னொரு முகவரிக்குத் திரும்பும். பணம் பெற்றவர் அதே பரிமாற்றத்தைத் திறந்து உங்கள் கையில் எவ்வளவு மிச்சம் என்று ஊகித்துவிடுவார். இரண்டு இடங்களிலிருந்து வந்த தொகைகளைச் சேர்த்துச் செலவழித்தால், இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்று ஆய்வு நிறுவனங்கள் முடிவு கட்டும். ஸ்பரோ போன்ற வொலட்டில் வந்த ஒவ்வொரு தொகைக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி, எதைச் செலவழிப்பது என்று கையால் தெரிவு செய்யலாம். எவரோ சும்மா அனுப்பிய சில நூறு சட்டோஷியை (பிட்கொயினின் மிகச் சிறிய அலகு) முடக்கி வையுங்கள். அது மற்றத் தொகையோடு கலப்பதற்காகவே அனுப்பப்பட்டதாக இருக்கலாம். எக்ஸ்பப் எனப்படும் நீண்ட சாவியை எந்தக் கணக்குப் பார்க்கும் செயலிக்கும் கொடுக்கக் கூடாது. அதை வைத்துப் பணம் எடுக்க முடியாது, ஆனால் பழைய முகவரிகளையும் இனி வரப்போகும் முகவரிகளையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆயினும் பரிமாற்றங்கள் பதிவாகும் இந்தப் பொதுச் சங்கிலியைவிட (பிளொக்செயின்) மோசமான ஓட்டை வட்ஸ்அப்பில் இருக்கிறது. ஆளுக்கு ஆள் வாங்கி விற்கும்போது, மோசடிப் பணம் வந்து தம் வங்கிக் கணக்கு முடங்கிவிடும் என்ற பயத்தில் விற்பவர்கள் அடையாள அட்டையின் படம் கேட்கிறார்கள். நமது பழைய அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களானால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் முழுதாக நிற்கும். எண்ணோடு வீட்டு முகவரியும் முகமும் வங்கிக் கணக்கும் கிரிப்டோ இருப்பும் முன்பின் தெரியாத ஒருவரின் தொலைபேசியில் ஒன்றுசேர்வதை யோசித்துப் பாருங்கள். படம் கேட்காத விற்பனையாளரைத் தேடுங்கள். கொடுத்தே ஆகவேண்டுமானால் திகதியையும் பரிமாற்ற எண்ணையும் படத்தின் குறுக்கே எழுதி, எக்ஸ்சேஞ்சின் சொந்த உரையாடல் பெட்டியிலேயே அனுப்புங்கள்.

வன்பொருள் வொலட் (கிரிப்டோ சாவிகளை வைக்கும் சிறு கருவி) வரவழைப்பவர்கள் வீட்டு முகவரியைக் கொடுக்காதிருப்பது நல்லது. அத்தகைய கருவி செய்யும் லெட்ஜர் நிறுவனத்திடமிருந்து 2020இல் களவுபோன வாடிக்கையாளர் தரவில், சுமார் 2,70,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. அதன்பின் போலி மின்னஞ்சலும் மிரட்டலும் போலிக் கருவிகளும் அந்த வீடுகளுக்கு வந்துசேர்ந்தன.

மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் இதில் பலதை இயல்பாகவே மறைக்கிறது. ஆனால் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2024 பெப்ரவரியில் அதை நீக்கிவிட்டதால் இங்குள்ள பலருக்கு எட்டாது.

இவையெல்லாம் அரசுக்கு ஒளிப்பதற்கான வழிகள் அல்ல. கிரிப்டோ சட்டபூர்வ நாணயம் அல்ல, அட்டைகளால் அதை வாங்கவும் அனுமதியில்லை என்று மத்திய வங்கி எச்சரித்திருக்கிறது. இறைவரித் திணைக்களம் கேட்டால் காட்ட திகதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு, யாரிடமிருந்து என்ற நான்கையும் எழுதி வைத்திருங்கள். கொப்பியில் எழுதினால் போதும். கூகிள் ஷீட்டில் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06