சபையும் பாடட்டும்: எங்கள் சேகர கமிட்டிக்கும் பாடகர் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா, சேகர கமிட்டி அங்கத்தினர்களே, பாடகர் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளே,

கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

ஞாயிறு காலை ஆராதனையில் நம் சபை இப்போது பாடுவதில்லை. சிலருக்கு உதடு அசைகிறது, சிலர் கை தட்டுகிறார்கள், மற்றவர்கள் திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். முன்னால் வரிசையாக மைக், கீபோர்டு, டிரம் பேட், கிட்டார். நீங்கள் நன்றாகத்தான் பாடுகிறீர்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் பாடுவது எனக்குக் கேட்கவில்லை. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அப்படி ஆனபின் யாராக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

கிட்டார் வேண்டாம், பழையபடி ஆர்கன்தான் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆர்கனுக்கும் ஒரு காலத்தில் இதே வழக்கு நடந்தது. சூரிக் நகரச் சீர்திருத்தக்காரர்கள் 1520களில் அதை ஆலயத்தை விட்டே அகற்றினார்கள். அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் வேறு வழியில் போனார். ஜனங்களின் சொந்த மொழியில், அவர்கள் வாயில் நிற்கும் மெட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தார். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அந்த மிஷன் வழியாகத்தான் ஜெர்மன் மெட்டுகள் ஞானப்பாட்டுகளாகத் தமிழுக்கு வந்தன. தமிழ்ச் சொல்லை அந்த மெட்டுக்குள் மடக்கி வைத்ததில் சில வரிகள் இன்றும் இடிக்கின்றன. ஆனாலும் சபை பாடிப் பாடி அவற்றைத் தனதாக்கிக்கொண்டது.

அப்புறம் கீர்த்தனை. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போன கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், நம் ஜனங்களின் காதில் ஏற்கெனவே இருந்த ராகத்தையும் கும்மியையும் குறவஞ்சியையும் எடுத்துக்கொண்டார். கீர்த்தனையின் கட்டுமானத்தைப் பாருங்கள். ஒருவர் சரணத்தைச் சொல்ல, எல்லோரும் பல்லவிக்குத் திரும்பி வருகிறார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் பல்லவி இரண்டாம் சுற்றிலேயே வந்துவிடும். திரையும் புத்தகமும் இல்லாமலே பாட்டிமார் பத்துச் சரணம் மனப்பாடமாகச் சொன்னது இப்படித்தான். சபை பாடுவதற்கென்றே செய்தது போன்ற இந்த வடிவத்தை நாம் மாதத்துக்கு ஒன்றாகச் சுருக்கி, அதையும் காணிக்கை எடுக்கும் நேரத்தில் தள்ளிவிட்டோம்.

அப்போஸ்தலர் பவுல் கொலோசெ சபையாருக்கு நிருபம் எழுதும்போது சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்தி சொல்லச் சொல்கிறார். ஒருவருக்கொருவர் என்கிறார், கவனியுங்கள். அந்த நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று கடைசி அதிகாரத்தில் கேட்டுக்கொள்கிறார். அதே லவோதிக்கேயாவில் நான்காம் நூற்றாண்டில் கூடிய திருச்சபைச் சங்கம், நியமனம் பெற்ற பாடகர்கள் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக்கூடாது என்று விதி போட்டது! அவர்களுக்கு அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. நமக்கு நாலு ஸ்பீக்கர் போதுமாக இருக்கிறது.

இன்னொரு சங்கடம் சுருதி. யூடியூபில் கேட்ட அதே ஸ்கேலில் தம்பிமார் எடுக்கிறார்கள். ஸ்டுடியோவில் அதைப் பாடியவர் தேர்ந்த பாடகர், அவர் குரலுக்கு எது எடுப்போ அந்தச் சுருதியில் பாடியிருப்பார். நாங்கள் காலையில் காபி குடித்துவிட்டு ஓடி வருகிறவர்கள். அனுபல்லவியிலேயே ஆண்களுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. இந்த நிலையில் கடைசிச் சுற்றில் சுருதியை இன்னும் அரைக் கட்டை ஏற்றுகிறீர்கள்! கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, தம்பி. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாருங்கள், பாட்டு ஒன்றும் கெட்டுப்போகாது.

பழைய பாட்டையே பாடினால் வாலிபர்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்கள் என்று கமிட்டியில் சிலர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அவர்கள் போகும் பெந்தெகொஸ்தே கூட்டங்களில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். நாலு வரிக் கோரஸை ஒரு டேம்பரினோடு கூடமே அதிரப் பாடுகிறார்கள். அவர்களிடமிருந்து நாம் ஒலிபெருக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிய பாட்டும் வேண்டும், அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பாடுங்கள். ஆராதனைக்கு முன் பத்து நிமிடம், இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து, ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடினால் போதும்.

பாமாலைப் புத்தகத்திலுள்ள ஞானப்பாட்டோ கீர்த்தனையோ வாரம் ஒன்றாவது முழுச் சபையும் பாடும்படி வையுங்கள். அதில் ஒரு சரணத்துக்கு எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிடுங்கள். முதல் வாரம் பாட்டு தள்ளாடும், இழுக்கும், பின்வரிசை ஒரு வார்த்தை பின்தங்கும். பரவாயில்லை. கன்சோலில் உட்காரும் தம்பி அப்போது உதவிக்கு மைக்கை ஏற்றிவிடாமல் இருந்தால் போதும்.

புதிய ஸ்பீக்கர் வாங்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். அதை இந்த வருடம் ஒத்திவைத்து, அந்தப் பணத்தில் பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகங்கள் வாங்கி பெஞ்சுக்கு இரண்டு பிரதியாவது வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திரையில் வரும் இரண்டு வரி, கண்புரை உள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிகிறவர்களுக்கும் பாட்டு தாண்டிப் போன பிறகுதான் வருகிறது.

இப்படிக்கு,
நடு வரிசையில் அமரும் ஒரு சபை அங்கத்தினர்