வெள்ளி ஏறினால் நமக்கு நல்ல காலமா?

சிவதாபுரம், சேலம்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "வெள்ளி இவ்வளவு ஏறிடுச்சே, பட்டறைக்கு நல்ல காலம்தானேம்மா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, வாசலில் கூலி வாங்க ஆள் நின்றார்கள். "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த "ம்" மூன்று நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீ குஜராத் கட்ச்சில் சூரிய மின்சாரத்தில் வேலை பார்க்கிறவள். நம் வீட்டுப் பிள்ளைக்கே இது தெரியாமல் போகக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2025 தொடக்கத்தில் வெள்ளி கிராம் நூறு ரூபாய்க்குக் கீழே இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இருநூறைத் தாண்டிவிட்டது. ஏற்காட்டில் காப்பி விலை ஏறினால் தோட்டக்காரர் கையில் நாலு காசு சேரும், ஏனென்றால் கொட்டை அவருடையது. நம் பட்டறையில் கிடக்கிற வெள்ளி நம்முடையதா? செவ்வாய்ப்பேட்டையில் கடைக்காரர் எடை போட்டுக் கொடுக்கிறார், நாம் கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். நமக்கு நிற்பது கூலி மட்டும். அந்தக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று பேசியது.

வினை அங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் நமக்கு வருகிற வேலையில் ஒரு ஜோடி நூறு கிராம் இருக்கும். கிலோவுக்குப் பத்து ஜோடி. இப்போது வாங்குகிறவர்கள் விலையைக் கேட்டதும், அதே மாடலை அறுபது கிராமில் கேட்கிறார்கள். கிலோவுக்குப் பதினாறு ஜோடி ஆகிவிட்டது. கண்ணி குறையவில்லை, சலங்கை குறையவில்லை, பற்ற வைக்கிற இடமும் குறையவில்லை. கம்பி மட்டும் மெலிந்துவிட்டது. அதே கூலிக்கு ஆறு ஜோடி கூடுதலாகச் செய்கிறோம் கண்ணு. உன் அப்பா யாரிடமும் இதைச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

மெல்லிய கம்பியில் ஊதுவது எப்படி என்று உனக்கு மறந்திருக்கும். பற்ற வைக்கிற பொடி உருகிப் பளிச்சென்று ஓடுகிற அந்த ஒரு நொடியில் தீயை விலக்கிவிட வேண்டும். கண் இமைத்தால் கம்பியும் சேர்ந்து உருகி, கண்ணி சுருண்டு ஒரு சின்ன மணியாக நிற்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு அந்த முழத்தை மறுபடி கோக்க வேண்டும். சேதாரம் இத்தனை கிராம் என்று கணக்கு உண்டு, அதைத் தாண்டினால் நம் கூலியில் பிடிப்பு. கிராம் நூறுக்குள் இருந்தபோது பிடித்ததும் இப்போது பிடிப்பதும் ஒன்றா? சாயங்காலம் பட்டறை மண்ணைக் கூட்டும்போது பாயைத் தூக்கி மூன்று தடவை உதறுகிறேன். உன் அப்பாவின் சட்டை மடிப்பைக்கூட விடுவதில்லை.

விலை ஏன் ஏறியது என்று நானும் படித்துப் பார்த்தேன். தாத்தா 1980 கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார், ஞாபகம் இருக்கிறதா? டெக்சாஸைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கி வாங்கிக் குவித்ததில், ஜனவரியில் அவுன்ஸ் ஐம்பது டாலர் வரை போய், மார்ச் கடைசிக்குள் நாலில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. அது பதுக்கல். அப்படி ஏறியது இறங்கும் என்று காத்திருக்கலாம். இப்போதும் பணத்தைப் போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அடியில் இருப்பது உண்மையான தேவை. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளியை மிஞ்சின உலோகம் இல்லை. உலகத்தில் தேவைப்படுகிற வெள்ளியில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, அதில் பெரிய பங்கு உன் சோலார் பேனல்களுக்கு. சரி, விலை ஏறினால் அதிகம் தோண்டுவார்களே என்று பார்த்தால் அதுவும் நடக்காது. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கிற சுரங்கங்களில் கூடவே கிடைப்பது. வெள்ளிக்காக மட்டும் யாரும் துத்தநாகத்தைக் கூடுதலாகத் தோண்டப் போவதில்லை.

போன பொங்கலுக்கு நீ கொண்டுவந்த உடைந்த பேனல் துண்டு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. உன் அப்பா பூதக்கண்ணாடியை வைத்து அரை மணி நேரம் பார்த்தார். கறுப்புத் தகட்டின் மேல் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளிக்கோடுகள். "இவ்வளவு மெல்லிசாக எந்த அச்சில் இழுத்தார்கள்?" என்று கேட்டார். இழுக்கவில்லை, வெள்ளியைப் பசையாக்கி வலை வழியாக அச்சடித்துச் சூட்டில் வைக்கிறார்கள் என்று நீ அன்று சொன்னதைச் சொன்னேன். முப்பது வருஷம் கம்பி இழுத்த மனுஷன், நல்ல வேலை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வேலை மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நிலக்கரியை எரித்துக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது? வெள்ளி பேனலுக்குப் போகட்டும். ஆனால் அந்த ஏற்றத்தின் சுமையைத் தூக்குகிறவர்கள் யார் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார்கள். கடைவீதியில் பட்டாசு வெடிக்காத குறை. அடுத்த வருஷமே விலை அதை விழுங்கிவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து வெள்ளிக்கும் எண் போட்ட ஹால்மார்க் தர முத்திரை வந்திருக்கிறது. வந்தபோது கட்டாயம் இல்லை, ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. நூற்றுக்கு எழுபது பங்கு வெள்ளி இருக்கிற எழுபது டச் கொலுசை எண்பது என்று விற்கிறவர்களால் ஒழுங்காகச் செய்கிறவனுக்கும் கெட்ட பேர். ஆனால் வரியைப் பேசுகிறார்கள், தரத்தைப் பேசுகிறார்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தொழிலைக் காப்போம் என்கிறார்கள். கூலியை எடையில் அளப்பது சரியா என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

எடைக்குக் கூலி இனிமேல் செல்லாது. ஜோடிக்கு இவ்வளவு, பற்ற வைக்கிற ஒவ்வொரு பற்றுக்கும் இவ்வளவு என்று பேச வேண்டும். நம் தெருவிலும் பனங்காட்டிலுமாக ஏழு பட்டறைக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் சரி என்கிறார்கள். மூன்று பேருக்குப் பயம், கடைக்காரர் வேலையை வேறு பக்கம் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்று. அவர்கள் பயம் நியாயம்தான், வீட்டுக் கடன் இருக்கிறவர்கள்.

அதனால் ஒரு உதவி செய். எந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று நீ அங்கே கணக்குப் போடுவாயே, அதே மாதிரி எங்களுக்கும் ஒன்று போட்டுக் கொடு. மூன்று நாளாகக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூறு கிராம் ஜோடிக்கு எவ்வளவு நேரம், அறுபது கிராம் ஜோடிக்கு எவ்வளவு நேரம், ஒவ்வொன்றிலும் எத்தனை பற்று, எத்தனை கண்ணி கெட்டது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் செய், அப்போதுதான் கை ஓயும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், சனிக்கிழமை கடைக்காரர் எடை போட வருகிறார்.

அன்புடன்,
அம்மா