‘ந’ விழாத, ‘ய’ இரட்டிக்கும் கீபோர்டை மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்
தட்டச்சு நிலைய உரிமையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

பத்திரங்களைத் தட்டச்சு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சாதாரண கீபோர்டு எங்கள் அடிக்குத் தாங்குவதில்லை என்பதால், கூடுதல் விலை கொடுத்து உங்கள் மெக்கானிக்கல் கீபோர்டை வாங்கினேன். ஒவ்வொரு கீயும் 5 கோடி தட்டல்கள் தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறீர்கள். உத்தரவாதம் 2 ஆண்டுகள். முதல் ஆண்டு முடிவதற்குள் இரண்டு கீ மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டன. செமிகோலன் கீ அவ்வப்போது தட்டலை விழுங்குகிறது. அதன் வலப்பக்கத்து மேற்கோள் குறி கீ, ஒருமுறை தட்டினால் இருமுறை பதிகிறது.

உங்கள் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி, ‘த குயிக் பிரவுன் ஃபாக்ஸ்’ என்று தொடங்கும் அந்தப் பழைய ஆங்கில வரியை அடித்துப் பார்த்தார். எல்லா எழுத்தும் சரியாக விழுந்தது. “எழுத்து கீ எல்லாம் நன்றாக இருக்கிறது சார், குறி கீ இரண்டில்தான் சின்ன குறை, அதற்கெல்லாம் மாற்றித் தரமாட்டார்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மின்னஞ்சலில் நீங்கள் அனுப்பிய பதிலும் அதையேதான் சொல்கிறது.

நான் தட்டுவது தமிழ்99 முறையில். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துகளுக்குத் தனித்தனி கீ வேண்டும். ஆங்கிலத்துக்கு 26 போதும். மீதி ஐந்தும் உங்கள் ஊழியர் ‘குறி’ என்று ஒதுக்கிய கீகளில்தான் இருக்கின்றன. செமிகோலன் இருக்கும் இடத்தில் ந, மேற்கோள் குறியில் ய, இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. அந்த ஆங்கில வரியில் 26 எழுத்தும் வந்துவிடும், இந்த ஐந்தில் ஒன்றுகூட வராது. அதை அடித்துப் பார்த்து என் கீபோர்டு நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதிலும் ந என்பது வலது சுண்டுவிரல் சும்மா இருக்கும்போதே உட்கார்ந்திருக்கும் கீ. அடிக்கடி வரும் எழுத்து என்பதால் நடு வரிசையில் வைத்திருக்கிறார்கள். அது ஒருமுறை விழாமல் போனால் ‘நிலம்’ என்பது ‘இலம்’ ஆகிறது. ‘நடராஜன்’ வெறும் ‘டராஜன்’ ஆகிறார். ய இன்னும் மோசம். தமிழ்99-இல் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். வேலையை வேகமாக்கும் நல்ல வசதிதான். ஆனால் கீ தானே இருமுறை பதிந்தால் ‘கிரையம்’ என்பது ‘கிரைய்யம்’ ஆகிவிடுகிறது. திரையில் ஓடும் வரிகளுக்கு நடுவே இந்த ஒரு புள்ளி கண்ணில் படாது. முத்திரைத்தாளில் அச்சான பிறகு பட்டால் தாள் வீண். பதிவான பிறகு பட்டால் பிழைத்திருத்தல் பத்திரம்வரை போக வேண்டும், செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேறு தமிழ் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று உங்கள் உதவி எண்ணில் யோசனை சொன்னார்கள். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிக்கொள்ளச் சொல்கிற கதைதான். மாறினாலும் பயனில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் தட்டச்சு முறையிலும் செமிகோலனில் ச, மேற்கோள் குறியில் ட. இந்தியில் அடிப்பவருக்கும் அந்த இடங்களில் எழுத்துகள்தான். கீபோர்டு கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, எந்த இடத்து கீ அமுங்கியது என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. அதை ந என்று எடுப்பதா, செமிகோலன் என்று எடுப்பதா என்பது கணினியில் உள்ள மென்பொருளின் வேலை. கீபோர்டு செய்து விற்கிறவர்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது, சரி.

கீக்கு அடியில் இருக்கும் பழுதான ஸ்விட்சை மட்டும் மாற்றலாம் என்றால், இந்த மாடலில் எல்லாம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியவை. வெளியில் கொடுத்துப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று உங்கள் அட்டையிலேயே இருக்கிறது. ஆகவே இதே மாடலில் புதிய கீபோர்டு தாருங்கள், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். அப்புறம், எழுத்து கீ, குறி கீ என்று பிரித்து உத்தரவாதம் மறுக்க உங்கள் அட்டையில் எந்த வரியும் இல்லை. இருந்தால் காட்டுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடைக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்க வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் தன் உபயோகத்துக்கு வாங்கியதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது.

ரசீது நகல், உத்தரவாத அட்டை நகல், சர்வீஸ் சென்டர் கொடுத்த சீட்டு, ‘கிரைய்யம்’ என்று அச்சான தாளின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்